ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்கு யார் பேர் போடுவது?

(மாதர் அணிக் கூட்டமொன்றில் தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான ஒருவர் ஆற்றிய உரை)



பெண்களின் சுகாதாரமும் பாதுகாப்பும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் நீங்கள் எத்தனையோ பேச்சுக் கேட்டிருப்பீர்கள். சுத்தமாக இருங்கள், சத்துள்ளதைச் சாப்பிடுங்கள், வருத்தம் வந்தால் உடனே டொக்டரிடம் போங்கள் என்று சொல்லிவிட்டு, பேச வந்தவர்கள் வாகனத்தில் ஏறிப் போய்விடுவார்கள். நாங்கள் அதைத் திரும்பச் சொல்ல வரவில்லை. மலையில் கொழுந்து எடுக்கிற பெண்ணுக்குத் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரியாது என நினைப்பது தவறு. அவளுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் ஏன் எட்டு மாதம், பத்து மாதம் வாய் திறக்காமல் இருக்கிறாள்? அதைத்தான் நாம் பேச வேண்டும்.

முதலில் தண்ணீரிலிருந்து தொடங்குவோம். காலை நாலரைக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, சின்னப் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிற பெண், மத்தியானம் வரை ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் இல்லாமல் அல்ல. மலையில் ஒதுங்க இடமில்லை. தேயிலைச் செடிக்குள் போனால் அட்டை, குளவிக் கூடு, யார் கண்ணில் படுவோமோ என்ற பயம். அதனால் குடிக்காமலே இருந்து பழகிக்கொள்கிறாள். மாதத்தில் அந்த மூன்று நான்கு நாட்களும் அப்படித்தான். மழையில் நனைந்த படங்கு இடுப்பில், நனைந்த துணி உள்ளே, மாற்ற ஓர் இடமில்லை. பிறகு சிறுநீர் எரிச்சல், அடிவயிற்று வலி, வெள்ளைபடுதல், காய்ச்சல். இதற்குப் பெண்ணுக்குச் சுத்தம் தெரியாது என்று பெயர் வைக்கிறார்கள். நிறுவை மடுவத்துக்குப் பக்கத்தில் கதவுள்ள ஒரு மலசலகூடமும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருந்தால் இந்த வருத்தங்களில் எத்தனை குறையும் என்று துரைமாரிடம் யாரும் கேட்பதில்லை.

சரி, எரிச்சல் தாங்காமல் அவள் டிஸ்பென்சரிக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் முன்னால் மாமனார், பின்னால் பக்கத்துக் காம்பரா அண்ணன். கதவு திறந்தே கிடக்கிறது. உள்ளேயிருந்து “என்ன வருத்தம்?” என்று சத்தமாகக் கேட்கிறார்கள். அவள் என்ன சொல்வாள்? “தலையிடி” என்பாள். இரண்டு பெனடோலை வாங்கிக்கொண்டு வருவாள். நம் தோட்டங்களில் பெண்களுக்கு வருகிற தலையிடியில் பாதி தலையில் வருவதில்லை என்று நாங்கள் சொன்னால் நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிப்பது, அது உண்மை என்பதால்தான். ஒரு திரைச்சீலை தொங்கவிட எவ்வளவு செலவாகும்? கிழமையில் ஒரு நாளாவது குடும்ப நல உத்தியோகத்தர் அம்மாவைத் தனி அறையில் பார்க்க வழி செய்ய எவ்வளவு செலவாகும்?

இரத்தச்சோகை பற்றியும் ஒரு வார்த்தை. நாம் பறித்து உலகத்துக்கே அனுப்புகிற தேயிலை, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. கிளினிக்கில் தருகிற இரும்புச் சத்துக் குளிசையைச் சாயத்தண்ணியோடு விழுங்கினால் பாதி வீண். தேத்தண்ணிக்கும் குளிசைக்கும் இடையில் ஒன்றிரண்டு மணித்தியாலம் விடுங்கள். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் நல்லது. இது நீங்களே செய்யக்கூடியது. ஆனால் வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதைச் சாப்பிடுகிற பழக்கத்தை நீங்கள் மட்டும் மாற்ற முடியாது. அதற்கு இங்கே உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாரும் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா. மாதவிடாய் நின்று இரண்டு வருடத்துக்குப் பிறகு திரும்ப இரத்தம் பட ஆரம்பித்தது. யாருக்கும் சொல்லவில்லை. இரவில் பீலிக்குப் போய்த் துணி கழுவிக் காயப்போட்டு, விடியுமுன் எடுத்துவிடுவார். பத்து மாதம் போனது. ஏனக்கா போகவில்லை என்று கேட்டபோது, பயம் என்றோ வெட்கம் என்றோ அவர் சொல்லவில்லை. கணக்குச் சொன்னார். ஒரு நாள் போனால் ஒரு பேர் போய்விடும். டவுனுக்கு ஓட்டோ, அங்கிருந்து பஸ். முதல் நாள் பார்ப்பார்கள், பிறகு இன்னொரு நாள் சோதனை, இன்னொரு நாள் ரிப்போட், ஆக மூன்று பேர் போகும். மாதம் வேலை நாள் குறைந்தால் சீட்டுக் காசு கட்ட முடியாது, மகளின் டியூஷன் நிற்கும். அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம்தான். ஆனால் அந்த வாசலை மிதிப்பதற்கு முன்பே மூன்று நாள் சம்பளம் செலவாகிவிடுகிறது.

கடைசியில் அவர் போனார். திரும்ப வரவேண்டிய திகதியைத் துண்டில் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார்கள். வாசிக்கத் தெரியாமல் அவர் வேறு நாளில் போய், அன்றைக்கு அந்த டொக்டர் இல்லாமல், வெறுங்கையோடு திரும்பினார். அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் வந்தது 1987 இல். தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி என்று அதில் எழுதியிருக்கிறது. இவ்வளவு காலம் கழித்தும் ஒரு துண்டில் ஒரு திகதி தமிழில் வரவில்லை. அந்த அக்கா இப்போது மஹரகமைக்குப் போய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறார். பத்து மாதத்துக்கு முன் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவரிடம் யாரும் கேட்க வேண்டாம். அவருக்கே தெரியும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்துகிற சுகவனிதையர் கிளினிக்கில், 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைக் கூப்பிட்டுக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். மார்பையும், இரத்த அழுத்தத்தையும், சீனியையும் பார்க்கிறார்கள். வருத்தம் இல்லாதபோது போவதற்கான இடம் அது. அதே புற்றுநோயைத் தடுக்கிற ஊசி 2017 முதல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே போடப்படுகிறது. ஊசி போட்டால் பிள்ளைக்குப் பிறகு குழந்தை தங்காது என்று சில லயங்களில் கதை உலாவுகிறது. அது பொய். ஊசி போடுகிற நாளில் மகளை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது பாதுகாப்பு. மலையில் ஒருவர் அசிங்கமாகப் பேசினால், கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேண்டுமென்று உரசினால், சொன்னபடி கேட்காவிட்டால் கிலோவைக் குறைத்து அரைப்பேர் போடுவேன் என்றால், அது “பகிடி” இல்லை. 1995 இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு குற்றம். ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். வேலை செய்யும் இடத்தில் அதிகாரத்தில் இருப்பவர் சொல்லாலோ செயலாலோ செய்வதும் இதில் அடங்கும். முறைப்பாட்டை வாயால் சொல்லி விடாதீர்கள். திகதி, நேரம், மலை நம்பர், பக்கத்து நிரையில் யார் நின்றார்கள் என்பதை எழுதி வையுங்கள். எழுத வராவிட்டால் படிக்கிற பிள்ளையிடம் சொல்லாமல் எங்களிடம் வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.

வீட்டுக்குள் நடக்கிற அடியைப் பற்றிப் பேசினால் முன்வரிசையில் சில தலைவர்மாருக்குக் கோபம் வரும். வந்தாலும் பரவாயில்லை. குடிதான் காரணம் என்கிறார்கள். சாராயமும் கசிப்பும் நம் குடும்பங்களைத் தின்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு வெறியிலும் அந்த மனிதர் துரையின் மேல் கை வைப்பதில்லை, கணக்கப்பிள்ளையின் மேல் கை வைப்பதில்லை. யாரை அடிக்கலாம் என்பது வெறியிலும் தெளிவாகத்தான் இருக்கிறது.

அடிபட்ட பெண் எங்கே போகிறாள்? சில தோட்டங்களில் தலைவர் வீட்டு இஸ்தோப்புக்கு. அங்கே நாலு பெரியவர்கள் உட்கார்ந்து, “இனிமேல் செய்ய மாட்டேன்” என்று அவரிடம் ஒரு வார்த்தை வாங்கி, “நீயும் கொஞ்சம் வாயைக் குறைம்மா” என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். காம்பரா அவர் பேரில், அல்லது அவருடைய அப்பா பேரில். அவளுக்குத் திரும்பிப் போக அந்தக் கதவைத் தவிர வேறு கதவு இல்லை. அதே காம்பராவுக்கு, அதே ராத்திரிக்குத் திருப்பி அனுப்புவதைச் சமாதானம் என்று சொல்ல எங்களால் முடியாது.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதற்காகத்தான் வந்தது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவளே கேட்கலாம், அவளுக்காகப் பொலிஸாரும் கேட்கலாம். விவாகரத்து எடுக்க வேண்டியதில்லை. முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதம் வரையான கட்டளை. அடிப்பது மட்டுமல்ல, மனதை நோகடித்து வதைப்பதும் அந்தச் சட்டத்தில் வன்முறைதான். பொலிஸுக்குப் போகத் தயங்குகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பல அரசாங்க ஆஸ்பத்திரிகளில் “மிதுரு பியச” என்று சிங்களத்திலும் “நட்பு நிலையம்” என்று தமிழிலும் பெயர் போட்ட ஓர் அறை இருக்கிறது. காயத்துக்கு மருந்து கட்டப் போகும்போதே அங்கு போய்ப் பேசலாம். மகளிர் உதவிக்கு 1938. பெண்கள், சிறுவர் சம்பந்தமான பொலிஸ் முறைப்பாட்டுக்கு 109. அம்புலன்ஸுக்கு 1990, அதற்குக் காசில்லை. இந்த மூன்று நம்பரையும் போனில் வேறு பெயரில் பதிந்து வையுங்கள். “அரிசிக் கடை” என்று போட்டாலும் சரி.

இப்போது எங்கள் கோரிக்கை. பெண்ணே, தைரியமாக இரு என்று சொல்லி இந்த வேலையை முடிக்க முடியாது. தைரியம் அவளிடம் போதியளவு இருக்கிறது. அவளிடம் இல்லாதது ஒரு நாள் பேரும், மொழி தெரிந்த ஒரு துணையும்தான். ஆகவே கிளினிக் துண்டு காட்டுகிற பெண்ணுக்கு அன்றைய பேரை வெட்டக்கூடாது என்பதை அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு சேர்த்து மேசையில் வைக்க வேண்டும். பிரசவ விடுமுறை 2018 முதல் எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை உண்டு. இவை ஏற்கனவே சட்டத்தில் உள்ளவை. கங்காணி தயவில் விடக்கூடாது.

சங்கத்திடமும் ஒன்று கேட்கிறோம். கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். மாதாமாதம் சந்தா வெட்டுவது அவர்கள் சம்பளத்திலும்தான். அந்தச் சந்தாவிலிருந்து ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு பெண்களுக்கு, ஆஸ்பத்திரிக்கும் பொலிஸுக்கும் கோட்டுக்கும் துணைபோகிற நாளின் சம்பளமும் பஸ் காசும் கொடுக்க வேண்டும். சிங்களம் வாசிக்கப் பேசத் தெரிந்த, படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள். கூடப் போகிறவர் கேட்ட எதையும் வெளியே சொல்லக்கூடாது, கமிட்டித் தலைவர் கேட்டாலும் சொல்லக்கூடாது. அடிபட்ட பெண்ணின் முறைப்பாடு முதலில் மாதர் தலைவியிடம் வர வேண்டும். அவள் என்ன செய்ய விரும்புகிறாள் என்று அவளிடம் கேட்காமல் எந்த இஸ்தோப்பிலும் பேச்சு நடக்கக்கூடாது. இதைத் தீர்மானமாக இன்று பின்னேரம் முன்வைக்கிறோம். எதிர்க்க விரும்பும் தலைவர்மார் எழுந்து நின்று காரணம் சொல்லட்டும்.

பின்வரிசையிலிருந்து ஒரு கொப்பி வருகிறது. துணைபோகத் தயாராக இருப்பவர்கள் தோட்டம், டிவிஷன், பெயர் எழுதுங்கள். துணை தேவைப்படுகிறவர்கள் எதுவும் எழுத வேண்டாம். கூட்டம் முடிந்ததும் நாங்கள் தேத்தண்ணி கொடுக்கிற இடத்தில்தான் நிற்போம்.