காதுக்கு ஆபரேஷன்: விண்ணப்பம் யாருடையது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மைக்கைப் பிடித்தாலே தண்ணீர்த் தொட்டி, மோட்டார், மெயின்டனன்ஸ் பாக்கி என்றுதான் பேசுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று அதையெல்லாம் செயலாளர் பார்த்துக்கொள்வார். நான் என் பேரனைப் பற்றிப் பத்து நிமிடம் பேசப் போகிறேன். அவனிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன்.

அவனுக்கு ஏழு வயது. காது மடல் இரண்டும் தலையை ஒட்டாமல் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும். இதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மூன்று மாதமாக அவன் தொப்பி போடாமல் லிஃப்டில் ஏறுவதில்லை என்பதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். போன மாதம் சலூன் நாற்காலியில் உட்கார மறுத்து அழுதான். முடி வெட்டினால் காது தெரிந்துவிடுமாம். கீழே விளையாடும் பிள்ளைகள் அவனுக்கு 'முறக்காது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். விசாரணை சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நின்றது. தொட்டிலில் கிடந்தவனை, "முறம் மாதிரி காது என் ராஜாவுக்கு" என்று கொஞ்சியவன் நான். வாசலிலும் மாடியிலும் உங்கள் எல்லோர் எதிரிலும் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவனும் நான். நான் வரவு என்று எழுதியது அவன் கணக்கில் பற்றாக ஏறியிருக்கிறது.

வீட்டில் இரண்டு கட்சி. "இந்த லீவிலேயே ஆபரேஷன் செய்துவிடலாம்" என்கிறாள் மகள். "ஆம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்கிறார் மாப்பிள்ளை. எனவே சென்னைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தோம். நம் வளாகத்தில் வேறு வீடுகளுக்கும் பயன்படலாம் என்பதால், அங்கே கேட்டதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

முதலில், இது நோய் அல்ல. காது கேட்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மடலின் உட்பக்கம் இருக்க வேண்டிய மடிப்பு சரியாக விழாமல் இருக்கும்; அல்லது காதுக் குழியைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு கொஞ்சம் அதிகமாக இருக்கும். பெரும்பாலும் பரம்பரையாக வருவது. என் தகப்பனார் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அதே காது!

பிறந்த சில வாரங்களுக்குள் என்றால் கத்தியே வேண்டாம். தாயிடமிருந்து வந்த ஹார்மோன் காரணமாக அப்போது குருத்தெலும்பு மெழுகு போல் இளகி இருக்கும். டாக்டர்கள் அதற்கென உள்ள அச்சை வைத்து ஒட்டிச் சில வாரங்களில் வடிவத்துக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. பேரக் குழந்தை பிறக்கப் போகிற வீடுகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பிள்ளைக்கு பிளாஸ்திரி ஒட்டுவதும், குளிப்பாட்டும்போது அழுத்தி விடுவதும் பலன் தராது. பச்சைக் குழந்தைக்கும் நாமாக வீட்டில் ஒட்டக் கூடாது. தோல் புண்ணாகிவிடும்.

வளர்ந்த பிறகு வழி ஆபரேஷன்தான். ஐந்து ஆறு வயதில் காது ஏறக்குறைய முழு வளர்ச்சியை எட்டிவிடுகிறது. அதனால் அதற்கு முன் பொதுவாகச் செய்வதில்லை. காதின் பின்பக்கம் கீறி, குருத்தெலும்பை மடித்துத் தையல் போடுவார்கள். இரண்டு காதுக்கும் சேர்த்து ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். சின்னப் பிள்ளைகளுக்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும். பிறகு சில நாள் தலைக்கட்டு, சில வாரம் இரவில் தூங்கும்போது தலைப்பட்டை. பந்து விளையாட்டு கொஞ்ச காலம் கிடையாது. நம் காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் தலைக்கட்டோடு இருப்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானோருக்கு நன்றாகவே முடிகிறது. ஆனாலும் ரத்தக்கட்டு, சீழ், இரண்டு காதும் சமமாக இல்லாமல் போவது, மறுபடி கொஞ்சம் வெளியே வந்துவிடுவது எல்லாம் உண்டு. காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பணம் பற்றிச் சொல்லாவிட்டால் நான் பாங்க்காரன் இல்லை. அழகுக்கான சிகிச்சையை மருத்துவக் காப்பீடு பொதுவாக ஏற்காது. அழகு சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. பிறவிக் குறையைச் சரிசெய்வது என்றால் வரி விலக்கு இருக்கிறது. ஆகவே மதிப்பீட்டுத் தாளில் சிகிச்சைக்கான காரணம் எப்படி எழுதப்படுகிறது என்று முன்னதாகவே கேளுங்கள். காப்பீட்டு அலுவலகத்தின் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அரசு மருத்துவமனைகளில் சென்னை ஸ்டான்லி போன்ற இடங்களில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. அங்கேயும் ஒரு கருத்துக் கேட்கலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்த டாக்டர் எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "ஆபரேஷன் யாருக்கு வேண்டும்?" மகள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நான் தரையைப் பார்த்தேன். அவனை யாருமே கேட்டிருக்கவில்லை.

முப்பத்தைந்து வருடம் பாங்க்கில் இருந்தேன். எத்தனை ஜாமீன்தாரர் கையெழுத்துப் போட்டாலும் விண்ணப்பதாரர் கையெழுத்து இல்லாமல் கடன் மனு நகராது. பதினெட்டு வயதுக்குக் கீழே சட்டப்படி கையெழுத்துப் போட வேண்டியவர்கள் பெற்றோர். ஆனால் காதும் வலியும் பிள்ளையுடையவை. விண்ணப்பதாரர் அவன்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை மட்டும் கூட்டிக்கொண்டு நம் ஊர் வர்த்தமானர் கோயிலுக்கு நடந்தேன். விஜயநகரத்து இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தின் மேற்கூரை ஓவியங்களைக் காட்டினேன். அவன் தீர்த்தங்கரரின் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். தோளைத் தொடப் போகிற மாதிரி நீண்ட காது. "இவரை யாரும் கேலி பண்ணலையா தாத்தா?" என்றான். "அந்தக் காலத்தில் அதுதான்டா அழகு" என்றேன். தென்மாவட்டத்துப் பாட்டிமார்கள் காது வளர்த்துத் தண்டட்டி போட்டதையும், காலம் மாறியதும் பலர் அதே காதை வெட்டித் தைத்துக்கொண்டதையும் சொன்னேன். காந்தித் தாத்தாவை சரோஜினி நாயுடு 'மிக்கி மவுஸ்' என்று கேலி செய்வார் என்றதும் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவங்க பிரெண்ட்ஸ். இவங்க பிரெண்ட்ஸ் இல்லையே" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

அப்போதுதான் கேட்டேன். "உனக்கு ஆபரேஷன் வேணுமாடா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "வலிக்குமா?" என்றான். "கொஞ்ச நாள் வலிக்கும்" என்றேன். "இப்போ வேண்டாம் தாத்தா. அந்தப் பேரை மட்டும் சொல்ல வேண்டாம்னு சொல்லுங்க."

வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். ஒரு வருடம் பொறுப்போம். அடுத்த கோடை விடுமுறைக்கு முன்னால் மறுபடி அவனைக் கேட்போம். "வேணும்" என்றால் செய்வோம், மாப்பிள்ளையும் ஒத்துக்கொண்டிருக்கிறார். இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் தீர்ப்பு இல்லை. இந்த ஆபரேஷனை 1881-ல் நியூயார்க்கில் ஈலி என்ற டாக்டர் செய்து எழுதிவைத்தார். நோயாளி பன்னிரண்டு வயதுப் பையன். காரணம், கூட இருந்த பிள்ளைகளின் கேலி. கேலி பொறுக்காமல் பிள்ளையே வந்து கேட்டால் தட்டிக்கழிக்காதீர்கள். "வீண் ஆடம்பரம்" என்று அந்தப் பெற்றோரைப் பேசவும் வேண்டாம். அதேபோல், கேட்காத பிள்ளையை நம் கூச்சத்துக்காகப் படுக்க வைக்கவும் வேண்டாம்.

கடைசியாக என் வேண்டுகோள். காதை டாக்டர் திருத்தலாம். பட்டப்பெயரை நாம்தான் திருத்த வேண்டும். நம் வளாகத்தில் குள்ளன், குண்டு, கருவாயன், சோடாபுட்டி என்று எத்தனை பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம்! பாதிக்கு மேல் பெரியவர்கள் செல்லமாக வைத்தவை. லிஃப்டில், வாசலில், வாட்ஸ்அப் குழுவில் இனி பிள்ளைகளை அவரவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். உங்கள் பிள்ளைகளை நான் கண்டிக்க வரமாட்டேன். வீட்டில் நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள். தொடங்கியவன் நான் என்பதால், முதலில் நிறுத்துகிறவனும் நானே.

பேரனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "சரி தாத்தா" என்றான். நேற்று மாலை கீழே விளையாடப் போனான். தொப்பி போட்டுக்கொண்டுதான் போனான். என்றைக்கு அதை வீட்டில் வைத்துவிட்டு வருகிறான் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் அவனுக்காகக் கொஞ்சம் பாருங்கள்.