பழைய மோட்டாரும் பட்டறை வழக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியமும் இசையும் முழங்கும் மேடை இது. எனக்கு முன் பேசிய புலவர் பெருமகனார் உங்களை ஏற்றிவைத்திருக்கும் உயரத்திலிருந்து, காரின் அடிவயிற்றுக்குக் கீழே உங்களை இறக்கும் வேலை எனக்கு வாய்த்திருக்கிறது. இப்பொருளை ஏன் தேர்ந்தீர்கள் என்று செயலாளரைக் கேட்டேன். சங்கத்து வாயிலில் மாலைதோறும் கூடும் நம்மவர் பேச்சிற் சரிபாதி பட்டறைக்காரரைப் பற்றிய புலம்பலாகவே இருக்கிறது என்று விடை வந்தது. ஆகவே துணிந்து தொடங்குகிறேன்.

தலைநகரில் வாழும் நம்மவர் பழைய வண்டி வாங்குவதற்குச் சிக்கனம் மட்டுமே காரணமன்று. எந்த ஆண்டு மாற்றல் உத்தரவு வருமோ என்று காத்திருக்கும் குடும்பம் புதிய வண்டியிற் பெருந்தொகையை முடக்கத் தயங்குவது இயல்பு. அவசரத்தில் வாங்கி அவசரத்தில் விற்கிறோம். வாங்கும் தெருவின் மொழியும் நமக்கு அரைகுறை. ஒரு காலத்தில் தமிழர் திரளாகக் குடியிருந்த கரோல்பாக்கே இன்று பழைய கார் வணிகத்துக்கும் கார்ச் சாமான்களுக்கும் பெயர்பெற்ற கடைத்தெருவாயிற்று. நம் ஊரில் டிங்கரிங் என்றால் இங்கே டென்டிங் என்பார்கள். சக்கரம் பஞ்சரானால் மட்டும் குமரி முதல் இமயம் வரை எல்லோருக்கும் ஸ்டெப்னிதான். அச்சொல் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்துத் தெரு ஒன்றின் பெயரால் அமைந்த நிறுவனத்திலிருந்து வந்தது. வெள்ளைக்காரர் அதை மறந்தும் நாம் மறக்கவில்லை.

முன்பு நிலைமை வேறு. 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன அம்பாஸடரை எந்த மரத்தடி மிஸ்திரியும் திருத்திவிடுவார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவார், பிளக்கைத் தேய்ப்பார், வண்டி கிளம்பிவிடும். நோய் கண்ணுக்குத் தெரிந்தது, மருந்தும் கைக்கு எட்டியது. இன்றைய வண்டியில் பெட்ரோலின் அளவையும் தீப்பொறியின் வேளையையும் கணிப்பது ஒரு சிறு கணிப்பொறி. நோய் மறைந்துகொண்டது, மறைந்த நோய்க்கு வைத்தியம் செய்பவரிடத்தில் மயக்கமும் ஏமாற்றும் கலந்துவிட்டன.

முதலில் வாங்கும் வேளையைப் பற்றிச் சொல்கிறேன். வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் வருமுன்பே அதை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார் என்றால், விடியற்காலையில் அது முரண்டுபிடிக்கும் கதையை மறைக்கிறார் என்று ஐயுறலாம். பானெட்டைத் தொட்டுப் பார்த்தாலே போதும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் மோர் படிந்தாற்போல் வெண்மை தெரிகிறதா என்று பாருங்கள். குளிர்காலத்தில் குறுந்தொலைவே ஓடும் வண்டியிற் சிறிது படிவதுண்டு. கெட்டியாகப் படிந்திருந்தால் தண்ணீரும் எண்ணெயும் கலக்கின்றன, ஹெட் கேஸ்கட் போயிற்று என்று பொருள். புகை நீலமானால் எண்ணெய் எரிகிறது. கறுப்பானால் பெட்ரோல் மிகுதி. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிடில் தண்ணீர் எரிகிறது.

ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண்ணை நம்பற்க. அதைக் குறைத்து வைப்பது இக்காலத்தில் சில நிமிட வேலை. மிதிகட்டைகளின் ரப்பரையும் ஸ்டியரிங் வளையத்தையும் பாருங்கள். 30,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு வழவழத்துப்போன கிளட்ச் மிதிகட்டை இராது. டயரின் பக்கத்திலே நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்தது. தேய்ந்த டயரில் கத்தியால் வரி வெட்டிப் புதிதென்று விற்பவருக்கும் அந்த எண்ணை மாற்றுவது எளிதன்று. இருக்கைப் பட்டையை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி வெள்ளத்தில் முழுகியது. 2005 சூலையில் மும்பையிலும் 2015 டிசம்பரில் சென்னையிலும் எத்தனை வண்டிகள் நீரில் நின்றன என்பதை நினைவுகூர்க. அத்தகைய வண்டிகள் ஏலத்திற் போய், துடைத்து மெருகேறி, வெயில் காயும் வேறோர் ஊர்ச் சந்தைக்கு வருவதுண்டு.

தில்லிக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டியும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் தலைநகர்ப் பகுதியில் ஓடலாகாதென்ற ஆணையை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதிசெய்தது. 2025இல் அந்நீதிமன்றமே அதிற் சில மாறுதல்களைச் செய்தது. ஆகவே வயதேறிய வண்டிக்கு முன்பணம் கொடுக்குமுன் அன்றைய நிலையை விசாரித்துக்கொள்வது நலம். எட்டு, ஒன்பது வயது டீசல் வண்டி இங்கே வியக்கத்தக்க மலிவாய்க் கிடைப்பதன் காரணம் விற்பவரின் தாராளமன்று.

இனிப் பட்டறைக்குள் நுழைவோம். பழுது பார்ப்போரில் இரு சாதி உண்டு: நோயைக் கண்டுபிடிப்பவர் ஒரு சாதி, சாமானை மாற்றிப் பார்ப்பவர் மறு சாதி. பின்னவரிடத்தில் நம் பணத்தாலேயே சோதனை நடக்கிறது. எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவரின் வண்டி நெரிசலில் நிற்கும்போதெல்லாம் கொதித்தது. விளம்பரப் பலகை பெரிதாயிருந்த ஒரு பட்டறையில் முதலில் தெர்மோஸ்டாட் மாற்றினார்கள்; பிறகு தண்ணீர்ப் பம்பு; அதன்பின் ரேடியேட்டர். மூன்று பில்களும் சேர்ந்து பதினாறாயிரத்தைத் தாண்டின, கொதிப்பு நிற்கவில்லை. முடிவில் ஒரு முதிய மிஸ்திரி வண்டியை நிறுத்திவைத்து ஓடவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். ஓடும்போது கொதிக்காமல் நிற்கும்போது மட்டும் கொதிப்பானேன்? ஓடும்போது காற்று தானே வருகிறது, நிற்கும்போது விசிறி சுழல வேண்டும், அது சுழலவில்லை. விசிறிக்கு மின்சாரம் விடும் ரிலே என்னும் தீப்பெட்டியளவு பொருள் கெட்டிருந்தது. விலை முந்நூறு ரூபாய்க்குள். அந்தப் பத்து நிமிடப் பார்வைக்குத்தான் நாம் கூலி கொடுக்க வேண்டும். ஆனால் நம்மவர் பலர் அதற்குக் கொடுக்க மனமின்றி, சாமானுக்கு மட்டும் மறுபேச்சின்றி அள்ளிக் கொடுக்கிறோம்!

ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிப் பார்க்கும் ஸ்கேனர் கருவியைக் கண்டு மயங்கவேண்டா. அது சொல்வது துப்பு, தீர்ப்பன்று. கலவையில் பெட்ரோல் குறைவு என்று குறியெண் காட்டிற்றானால், உடனே ஆக்ஸிஜன் சென்சார் மாற்ற வேண்டும் என்பார்கள். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு விட்டிருந்தாலும் அதே எண்தான் வரும். குழாயை விரலால் தடவிப் பார்க்காமல் சென்சாருக்கு ஆர்டர் கொடுப்பவரிடமிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பெரிய கம்பெனிகளின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையம் மட்டும் தருமசாலையா என்று கேட்பீர்கள். அங்கே திருட்டுச் சாமான் வராது. அது பெரிய ஆறுதல். ஆனால் எஞ்சின் கழுவல், அடிப்பூச்சு, குளிர்சாதனத்துக்குக் கிருமிநாசினி என்று ரசீது நீளும். அவற்றுள் வண்டியோடு வந்த கையேட்டு அட்டவணையில் எவை உள்ளன என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இராது. அந்தக் கையேடு நம் வீட்டில் பிளாஸ்டிக் உறை பிரியாமலே இருக்கிறது என்பது வேறு சங்கதி.

உதிரிப் பாகங்களே இவ்வழக்கின் உயிர்நிலை. காஷ்மீரி கேட் கடைத்தெருவை அன்பர்கள் ஒருமுறையேனும் சென்று காண வேண்டும். நாடெங்குமிருந்து மோட்டார்ச் சாமான் வந்து குவியும் மொத்த வணிகத் தெரு அது. நமக்குப் புதுப்பேட்டை நினைவுக்கு வரும். அங்கே ஒரே பொருளுக்கு நான்கு விலை. கார்க் கம்பெனியின் பெட்டியில் வருவது ஒன்று. அதைச் செய்து கொடுத்த தொழிற்சாலையே தன் பெயரில் விற்பது மற்றொன்று. தரம் பெரிதும் அதுவே, விலை குறைவு. இவ்விரண்டாம் வகையை நம்மவர் அறியாதிருப்பது விந்தை! ஏனெனில் அதிற் பெரும்பகுதி நம் ஊரிலிருந்து வருகிறது. 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா சென்னைப் பாடியைச் சேர்ந்தது. ரானேயின் பிரேக் லைனிங்கும் சென்னைச் சரக்கே. மூன்றாவது, பெயரறியாப் பட்டறைகளின் 'லோக்கல்' சரக்கு. நான்காவது, பெரிய பெயரைத் திருடி அச்சிட்ட போலி.

கதவுக் கைப்பிடியும் கண்ணாடி மூடியும் லோக்கலாக இருந்தால் குடி முழுகிவிடாது. எண்ணெய் வடிகட்டியில் அவ்வாறு விளையாடலாகாது. நல்ல வடிகட்டிகள் பலவற்றினுள்ளே, எஞ்சின் நின்ற பின் எண்ணெய் கீழே வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று உண்டு. மலிவுச் சரக்கில் அது பெயருக்கே இருக்கும். காலையில் வண்டி கிளப்பியதும் சில விநாடி 'கடகட' என்ற ஓசை கேட்டால், எண்ணெயின்றி உலோகத்தோடு உலோகம் உரசுகிறது என்று கொள்க. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் அது அறுந்தால், பல வண்டிகளில் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே பாழாகும். பிரேக் பேடைப் பற்றி நான் சொல்ல வேண்டுவதில்லை. ஊருக்குள் மெதுவாய்ச் செல்லும்போது போலிப் பேடும் பிடிக்கும். முசூரி மலையிறக்கத்தில், பின்னிருக்கையில் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருக்க, மிதித்து மிதித்துச் சூடேறிய பின்புதான் அதன் உண்மை குணம் வெளிப்படும். அங்கே திரும்பிப் போய்க் கடைக்காரரைக் கேட்க இயலாது.

போலியை வளர்ப்பதில் நமக்கும் பங்குண்டு. புதுச் சாமானின் காலிப் பெட்டியைப் பட்டறையிலேயே விட்டு வருகிறோம். அப்பெட்டிக்கும் விலையுண்டு, அதனுள் போலி குடிபுகும். பெட்டியைக் கிழித்தெறியுங்கள்; கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். உதிரிப் பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18 விழுக்காடு. அதை மிச்சப்படுத்த எண்ணி ரசீதின்றி வாங்குவோர், பொருள் கெட்டால் வழக்குரைக்கும் உரிமையையும் சேர்த்தே மிச்சப்படுத்திவிடுகிறார்கள்.

வேறொரு காரணமும் உண்டு. கடைக்காரர் மிஸ்திரிக்குத் தரகு கொடுப்பது எல்லா ஊர் வழக்கம். நாளெல்லாம் தார்ச்சாலை வெப்பத்தில் வண்டிக்கடியிற் படுத்திருப்பவரிடம் கூலியில் ஐம்பது ரூபாய் பேரம் பேசினால், அந்த ஐம்பதை அவர் சாமானில் ஐந்நூறாக்கி எடுத்துக்கொள்வார். கூலியை நிறைவாய் முதலிலேயே பேசிவிட்டு, சாமானை நீங்களே வாங்கிக் கொடுங்கள். இவ்வழியில் என் மிஸ்திரியும் நானும் பல்லாண்டாய்ப் பகையின்றி வாழ்கிறோம்.

சிறு பட்டறைக்காரர்மேல் மட்டும் பழிபோடுவது நீதியன்று என்பதற்கு அரசாங்கச் சான்றே உண்டு. அசல் உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேன்முறையீடுகளில் நீண்டது. ஆயினும் நல்ல சரக்கின் வாயிலை அடைத்தால் கள்ளச் சரக்கின் வாயில் திறக்கும் என்பதை அவ்வாணை ஊருக்கு வெளிச்சமாக்கிற்று.

பட்டறையோடு தகராறு முற்றினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. 1915 என்ற எண்ணில் தொலைபேசியிற் கேட்டாலும் வழி சொல்வார்கள். கையில் ரசீதும் வேலை அட்டையும் மட்டும் வேண்டும்.

கடைசியாக, மாற்றலாகிப் போகும் அன்பர்களுக்கு ஒரு சொல். வண்டியை வேறு மாநிலத்துக்கு எடுத்துச்சென்று 12 மாதத்துக்கு மேல் வைத்திருப்பதானால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும்; தில்லியிலிருந்து தடையின்மைச் சான்று பெறப் படிவம் 28 தேவை. விற்றுவிட்டுப் போவதானால் 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு கடமை தீர்ந்ததென்று ரயிலேறிவிடாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டி பல கை மாறியிருந்தும், விபத்தில் மாண்டவரின் குடும்பத்துக்கு நட்டஈடு தரும் பொறுப்பு அவ்வழக்கிற் பழைய பெயருக்குரியவர்மேலேயே விழுந்தது. கோவையிலோ மதுரையிலோ நிம்மதியாய்க் குடியேறிய பின், தில்லி விபத்துக்கு உங்கள் வாசலில் நோட்டீசு வந்து நிற்கும். பெயர் மாறிய புதுப் பதிவுச் சான்றின் நகல் கைக்கு வரும்வரை, வாங்கியவரை வாரமொருமுறை தொலைபேசியில் அழைத்துத் தொல்லை கொடுக்கத் தயங்கவேண்டா.

நேரம் கடந்துவிட்டதென்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மேற்கொண்டு கேட்க விரும்புவோர் சிற்றுண்டி வேளையில் வெளியே வரலாம். என் வண்டி வாயிலருகே நிற்கிறது, வயது பதினொன்று. பானெட்டைத் திறந்தே காட்டுகிறேன்.