திருப்பி விடப்பட்ட பாட்டு



இன்று பட்டம் பெறும் உங்களில் பலருக்கு இப்போது இருபது, இருபத்தொன்று வயது. இதே வயதில் ராக் அண்ட் ரோல் இசையின் போக்கைத் திருப்பியவர் பட்டி ஹாலி. பாடகர், கிதார் கலைஞர். 1936-இல் டெக்சஸ் மாநிலத்தின் லப்பக் நகரில் பிறந்தவர்.

1956-இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் அவரை நாஷ்வில்லில் பாட வைத்தது. அங்கே எதுவும் அவர் கையில் இல்லை. 'தட்'ல் பி த டே' என்ற அவருடைய பாட்டைப் பதிவுசெய்த நிறுவனம் அதை வெளியிடாமல் வைத்துக்கொண்டது. 1957 தொடக்கத்தில் ஒப்பந்தத்தையும் புதுப்பிக்க மறுத்தது.

ஹாலி பாட்டைக் கைவிடவில்லை. அடுத்த மாதமே நண்பர்களுடன் நியூ மெக்சிகோவின் குளோவிஸ் ஊருக்குப் போனார். அங்கே ஒலிப்பதிவுக்கூடம் நடத்திய நார்மன் பெட்டி, மணிக்கணக்கில் பணம் கேட்கவில்லை; பாட்டுக்கு இவ்வளவு என்றுதான் வாங்கினார். கடிகாரத்தைப் பார்க்காமல் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்க முடிந்தது. டெக்காவுக்குப் பாடியதை மறுபடி பதிவுசெய்யப் பழைய ஒப்பந்தம் குறுக்கே நின்றதால், அதே பாட்டு 'த கிரிக்கெட்ஸ்' என்ற குழுவின் பெயரில் வந்தது. வெளியிட்ட பிரன்ஸ்விக், டெக்காவின் துணை நிறுவனமேதான்! செப்டம்பரில் அது அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சியில் இருந்தது.

அந்தக் கூடத்தில் எதையும் முயன்று பார்க்கலாம். 'எவ்ரிடே' பாட்டுக்குக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜெர்ரி ஆலிசன் டிரம்ஸை ஒதுக்கிவிட்டுத் தன் தொடையைத் தட்டியே தாளம் போட்டார். 'வேர்ட்ஸ் ஆஃப் லவ்' பாட்டில், பதிவான தன் குரலின் மேலேயே ஹாலி இன்னொரு குரலைப் பாடிச் சேர்த்தார். 1958 அக்டோபரில் நியூயார்க்கில் வயலின் குழுவோடும் பாடினார்.

1959 பிப்ரவரி 3 அன்று அயோவாவில் நேர்ந்த விமான விபத்தில் அவர் இறந்தார். வயது 22.

அதற்கு முந்தைய ஆண்டே, லிவர்பூலில் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் ஆகியோர் தங்கள் முதல் ஒலிப்பதிவுக்கு எடுத்துக்கொண்டது நாஷ்வில்லில் முடங்கிய அதே பாட்டைத்தான். பின்னாளில் அவர்கள்தான் பீட்டில்ஸ்.

பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஹாலிக்குக் குளோவிஸ் கூடம் கிடைத்ததைப் போல, இங்கிருந்து வெளியேறும் பிள்ளைகளுக்கு இன்னும் ஓராண்டாவது ஆய்வுக்கூடங்களையும் பட்டறைகளையும் திறந்து வையுங்கள். பட்டதாரிகளே, யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய உங்கள் வரைபடத்தையோ ஆய்வையோ எடுத்துக்கொண்டு அங்கே வாருங்கள். உங்களோடு படித்தவர்களையும் அழைத்து வாருங்கள்.