கம்பி நின்றால் பாறையா?



"கணினியால் தோட்டத்துப் பாட்டாளிக்கு என்ன பயன்?" என்று எனக்கு முன் பேசிய அண்ணன் கேட்டார். நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தவர். எங்கள் வீட்டுப் பின்சுவரிலிருந்தே பதில் சொல்கிறேன்.

லயத்துக்குப் பின்னால் மேடு. அதற்குத் தடுப்புச் சுவர் கட்ட மண் ஆய்வுக்கு வந்தார்கள். மெக்கின்டாஷ் கம்பி என்று ஒன்று உண்டு. சுமார் 5 கிலோ சம்மட்டியை 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, கம்பி இன்னொரு 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். 400 அடி அடித்தும் இறங்காவிட்டால் நிறுத்திவிடுவார்கள். எங்கள் மேட்டில் இரண்டு மீட்டரிலேயே கம்பி நின்றது. "பாறை" என்று எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த மழைக்காலத்தில் சுவர் சாய்ந்தது. நல்லவேளை, ஆள் சேதம் இல்லை. தோண்டிப் பார்த்தால் ஆட்டுக்கல் மாதிரி ஓர் உருண்டைக் கல்! அதற்குக் கீழே வெறும் மண்.

எங்கள் மலை கருங்கல் மலை. காலங்காலமாக உக்கி மண்ணாகி, உக்காத உருண்டைகள் நடுநடுவே நிற்கும். அந்த மண்ணும் சாதாரண மண் அல்ல. கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். கடலையைக் கடலையோடு வெல்லப்பாகு பிடித்திருப்பதுபோல், மண்துகள்களை ஒரு பிணைப்பு பிடித்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது கல் மாதிரி இருக்கும். மழையில் ஊறினால் பிடி தளரும்.

இங்கேதான் கணினி வருகிறது. 1979-இல் கண்டால், ஸ்ட்ராக் என்ற இரு அறிஞர்கள் மண்ணைத் தனித்தனி உருண்டைகளாகக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் உருண்டைகளுக்கிடையே பிணைப்பையும் சேர்த்தார்கள். திரையிலேயே கம்பியை இறக்கலாம். எந்தப் பிணைப்பு முதலில் அறுகிறது, நுனியைச் சுற்றி எவ்வளவு தூரம் நொறுங்குகிறது என்று பார்க்கலாம். மண்ணுக்குள் போய் நம் கண்ணால் இதைப் பார்க்க முடியுமா?

அதில் தெரியவரும் முக்கியமான செய்தி இது: நெருக்கமாக இறுகிய மணலும், பிணைப்பால் மட்டும் நிற்கும் தளர்ந்த மண்ணும் கம்பிக்கு ஒரே எண்ணைக் காட்டலாம். பிணைப்பு அறுந்த பிறகு இரண்டும் ஒன்றல்ல. எண்ணை மட்டும் பார்த்துச் சுவர் கட்டினால் என்ன ஆகும்?

கணினி கடவுள் என்று நான் சொல்லவில்லை. ஒரு கைப்பிடி மண்ணில் உள்ள துகள்களையே அதனால் முழுசாகக் கணக்கிட முடியாது. துகளைப் பெரிதாக்கித்தான் போடுகிறார்கள். உள்ளே கிடக்கும் உருண்டைக் கல்லையும் அது தானாகக் கண்டுபிடிக்காது. ஆழத் துளையிட்டு மாதிரி எடுத்தே ஆகவேண்டும். செலவுதான். ஆனால் 1961-இல் எங்கள் ரிங்லெட்டில் மண் சரிந்து 16 உயிர் போனதே, அதற்கு என்ன விலை? பல மாடிக் கட்டடத்துக்குப் பார்க்கும் கணக்கை லயத்துக்கும் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அம்மா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். மழை பிடித்துக்கொண்டால் பாயை முன்னறைக்கு எடுத்து வந்துவிடுகிறார்.