இணையக் கடையும் சட்டத்தின் எல்லைகளும்



திண்டிவனம் நிலக்கடலை விளையும் வட்டாரம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இங்கு அமைந்திருப்பதே அதற்குச் சான்று. வேளாண்மையை நம்பி வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களில் பிறந்து பட்டம் பெற்ற இளைஞர்கள், செக்கு எண்ணெயையும் கடலை உருண்டையையும் இணையத்தில் விற்க முனைவது மகிழ்ச்சிக்குரியது. கடைக்கு வாடகை இல்லை, முன்பணம் இல்லை. ஒரு கைப்பேசியும் ஒரு கூரியர் அலுவலகமும் போதும் என்று அவர்கள் கருதுகின்றனர். முதலீட்டைப் பொறுத்தவரை அக்கருத்து சரியே. சட்டத்தைப் பொறுத்தவரை அது முற்றிலும் பிழை.

தெருவில் உள்ள கடைக்கு வாங்குவோர் தேடி வருகின்றனர். இணையக் கடையிலோ பொருளே எல்லை தாண்டிச் செல்கின்றது. விழுப்புரம் மாவட்டத்தாருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கன்னியாகுமரியோ 500 கிலோமீட்டருக்கும் அப்பால். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்கும் சிறு வணிகர், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு பெற வேண்டியதில்லை. ஆனால் 2017ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு, வரிக்குரிய சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்புவோர், விற்பனை எவ்வளவு சிறிதாயினும், பதிவு பெற்றே ஆக வேண்டும் என்கின்றது. கைவினைப் பொருள்கள் போன்ற சிலவற்றுக்கே விலக்கு உண்டு, எண்ணெய்க்கு இல்லை. ஆகவே கன்னியாகுமரிக்கு நூறு புட்டி எண்ணெயைப் பதிவின்றி அனுப்பலாம். பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள புதுச்சேரிக்கு ஒரு புட்டி அனுப்பப் பதிவெண் வேண்டும். பதிவு பெறாமைக்குரிய தண்டத்தொகை பத்தாயிரம் ரூபாய், அல்லது ஏய்த்த வரி; இரண்டில் எது மிகுதியோ அது. அந்தப் புட்டியின் விலையோ சில நூறு ரூபாய்! பெரிய இணையச் சந்தைகளின் வழியாக விற்போருக்கும் முன்பு பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வணிகருக்கு அது தளர்த்தப்பட்டுள்ளது.

பொட்டலத்தின் மீது நிகர எடையும் அதிகபட்ச விலையும் தயாரித்தவர் முகவரியும் உணவுப் பாதுகாப்புப் பதிவெண்ணும் இருத்தல் வேண்டும் என்பது பலரும் அறிந்ததே. எடை, விலை, முகவரி போன்ற விவரங்களை 2018 முதல் இணையக் கடையின் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்பதைச் சிலரே அறிவர். அரசாணையைக் கடந்து வணிகம் செய்தல், அளவையில் குறைத்தல், போலிப் பொருளைக் கலந்து விற்றல் ஆகிய மூன்றையும் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துள்ளமையை அறிந்த குடும்பத்தாருக்கு இது புதிய செய்தி அன்று.

அடுத்தது பெயர். கடைப்பெயரைத் தேர்வது குழந்தைக்குப் பெயர் சூட்டுவது போன்றதன்று. குழந்தையின் பெயரை இன்னொரு வீட்டில் வைத்தால் எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம், தன் பெயரின் எழுத்துகளைக் கோத்து ‘சிஃபி’ என்ற சொல்லை ஆக்கி, 1999இல் இணையப் பெயர்களைப் பதிவு செய்தது. ஈராண்டுகள் கழித்து வேறொரு நிறுவனம் ஏறக்குறைய அதே பெயரில் இணைய முகவரி கொண்டு வந்தது. தம் நிறுவனர் ஐவரின் பெயர்களிலுள்ள முதலெழுத்துகளே அவை என்று அது வாதிட்டது. பெங்களூரு நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை மீண்டும் நிலைநாட்டியது. இணைய முகவரியும் வணிகக் குறி போலவே காக்கப்படும் என்பது அன்று நிலைபெற்ற நெறி. இணைய முகவரியை விற்கும் நிறுவனம் பணம் பெற்றுக்கொண்டு பெயரைத் தந்துவிட்டது என்பதால் அப்பெயர் தமக்கே உரியது என்று இளைஞர் எண்ணிவிடலாகாது. வணிகக் குறிப் பதிவகத்தின் தளத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். தனிநபரும் சிறு தொழில் செய்வோரும் இணையவழி விண்ணப்பிக்க, பொருள்வகை ஒன்றுக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும்.

வாங்குவோரின் உரிமையும் விரிந்துள்ளது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வாழும் ஊரிலேயே வழக்கிடலாம். புட்டி உடைந்து சேர்ந்ததென்று டெல்லியில் ஒருவர் முறையிட்டால், திண்டிவனத்து வணிகர் அங்குள்ள ஆணையத்துக்கு விடை சொல்ல வேண்டும். 2020இல் வந்த மின்வணிக விதிகள் முறையீடு கேட்கும் அலுவலர் ஒருவரைக் குறிப்பிடச் சொல்கின்றன. அவர் 48 மணி நேரத்துக்குள் முறையீட்டை ஏற்றதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சிறு கடையில் அந்த அலுவலர் பெரும்பாலும் வணிகரின் மனைவியாகவோ தம்பியாகவோ இருப்பார், இருக்கட்டும். பெயரும் தொலைபேசி எண்ணும் தளத்தில் இருந்தால் போதும். இரண்டு நாளில் விடை வந்துவிட்டால் டெல்லிக்காரர் ஆணையத்தின் படியேறுவது அரிது.

இவை எல்லாவற்றையும் விடக் கவலை தருவது வீடு. தனி ஒருவர் தம் பெயரில் நடத்தும் வணிகத்தின் கடனுக்கு அவருடைய சொந்தச் சொத்து முழுவதும் பொறுப்பாகும். அண்ணன் தம்பியர் இருவர் கூடி நடத்தினால், 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி ஒருவர் வாங்கிய கடனை மற்றவரிடம் முழுமையாகக் கேட்கலாம். அக்கூட்டாண்மை பதிவு செய்யப்படவில்லை எனில், தனக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு வெளியாள் மீது அது வழக்குத் தொடுக்கவும் இயலாது. கொடுக்க வேண்டிய கடமை உண்டு, கேட்கும் உரிமை இல்லை என்னும் விந்தையான நிலை அது. 2008ஆம் ஆண்டுச் சட்டம் தந்த எல்.எல்.பி. என்னும் வடிவில், கூட்டாளியின் பொறுப்பு அவர் போட்ட முதலோடு பொதுவாக நின்றுவிடும். ஆண்டுதோறும் கணக்குச் சமர்ப்பிக்கும் செலவு அதற்கு உண்டு. பூர்விக வீட்டின் மதிப்போடு ஒப்பிட்டால் அது பெரிதன்று.

உடன்பிறந்தாரிடம் எழுத்து கேட்பது நம்பிக்கைக் குறைவு என்று எண்ணும் வீடுகள் பல. முதல் புட்டியை விற்பதற்கு முன்னரே, பங்கு எவ்வளவு, கடன் வாங்கும் அதிகாரம் யாருக்கு, கடைப்பெயர் யாருடையது, ஒருவர் விலகினால் கணக்குத் தீர்ப்பது எவ்வாறு என்னும் நான்கையும் முத்திரைத்தாளில் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பின்னாளில் சிக்கல் எழுந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தத் தாளையே.