படிக்கப்படாத சுவர்

அமெரிக்காவில் 2011 முதல் 2020 வரை ஓடிய ஒற்றாடல் தொலைக்காட்சித் தொடர் 'ஓம்லேண்ட்'. தாயகம் என்பது அதன் பொருள். யாருடைய தாயகம்? அரபியர் அதில் பெரும்பாலும் கொலைஞராகவே வந்தனர். பெய்ரூட்டு நகரின் அம்ரா தெரு, உணவகங்களும் கடைகளும் நிறைந்த வணிகத் தெரு; அதனைப் படைக்கலம் ஏந்தியோர் உலவும் களமாக 2012இல் காட்டினர். படமெடுத்ததோ இசுரேலில்! இலெபனான் நாட்டுச் சுற்றுலா அமைச்சரே வழக்கிடுவேன் என்று வெகுண்டார்.

2015இல் பெர்லின் நகர்ப்புறத்தே சிரிய ஏதிலியர் குடியிருப்பொன்றைப் போலியாக எழுப்பினர். சுவரில் அரபு எழுத்து வேண்டும். மெய்போல் தோன்ற வேண்டுமல்லவா! ஈபா அமீன் உள்ளிட்ட கலைஞர் மூவரை அழைத்தனர். அவர்கள் எழுதியது என்ன? இத்தொடர் இனவெறித் தொடர் என்று எழுதினர். இது வெறும் கேலிக்கூத்து, எமக்கோ நகைப்பு வரவில்லை என்றும் தீட்டினர். அரபியரைக் காட்டிப் பொருளீட்டியவர்க்கு, அரபு படிக்கவல்லார் ஒருவரைச் சுவரருகே நிறுத்தத் தோன்றவில்லை. அவர்கட்கு அது மொழியன்று, கோலம்! அக்டோபர் 11 அன்று அப்படியே ஒளிபரப்பாயிற்று. கலைஞர்கள் தாமே வாய்திறந்த பின்னரே செய்தி உலகெங்கும் பரவிற்று. தொடரை உருவாக்கியோருள் ஒருவரான அலெக்சு கான்சா, ஒளிபரப்புக்கு முன்பே கண்டிருக்கலாகாதா என்று வருந்தினார்; அக்கலைஞர்தம் துணிவையும் வியந்தார்.