மாயாவியும் மறுபதிப்பும்



1972-ல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. ஆங்கில மூலம், பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் 1962-ல் தொடங்கியது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைவார். இரும்புக்கை மட்டும் தெரியும். (எந்த ஓம் விதியிலும் வராது!)

அப்பா சேர்த்த பிரதிகளை எர்ணாவூர் உப்புக்காத்து விட்டுவைக்கலை. பின் துருப்பிடிச்சு நடுப்பக்கமே கையோட வந்தது. பழைய பிரதிக்கு இப்ப ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். வாங்கினாலும் பிரிக்கப் பயம். அதனால்தான் மறுபதிப்புகளையே தேடிச் சேர்க்கிறேன். "பழைய வாசனை இல்லையேப்பா" என்று முணுமுணுத்த அப்பா, ராத்திரியே படிச்சு முடிச்சுட்டார். மகள் எண்ணெய்க்கையோடு புரட்டுறா, நான் திட்டுறதில்லை.

இரண்டிரண்டாகச் சேர்ந்த ஒன்பது இதழ்களைக் கொண்டுவந்திருக்கேன். விடுதித் தம்பிகள் எடுத்துக்கலாம்.